ஒரே ஒரு போட்டோவை வைத்து பழைய ப்ளூஸ் ஆட்களை வரைவது: முகம் கரிக்கட்டை ஆகிவிடுகிறது

ஈயக்குறி எழுதியது:

வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை எக்ஸ்ரே எடுப்பது. 22 வருஷம் ஆகிறது. இரவு ஷிஃப்டில் ஆள் வராத நேரம் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு பழைய ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு, கேட்பேன். 1920, 30களில் வந்த இசைத்தட்டுகள். பாதி சத்தம் கீறல்தான், எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஒருவர் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று தேடப்போய் வரையும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வகுப்பு எதுவும் போனதில்லை.

இதுவரை 11 முகம் வரைந்திருக்கிறேன். வெளியில் காட்டும்படி வந்தது 3. மீதி பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சனிடம். டெக்சாஸ்காரர், கண் தெரியாதவர், 1929 டிசம்பரில் சிகாகோவில் செத்துப்போனார். இவர்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிற போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாரமவுண்ட் தட்டுக் கம்பெனி விளம்பரத்துக்காக எடுத்தது. உருண்டை முகம், சின்னக் கம்பிக் கண்ணாடி, கையில் கிட்டார். நான்கு தடவை வரைந்துவிட்டேன். நான்கு தடவையும் கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புப் பந்துதான் மிச்சம். 6பி பென்சிலில் ஆரம்பித்து அதைவிடக் கறுப்பான 8பி வரை போய், விரலால் தேய்த்துத் தேய்த்து, விளக்கில் சாய்த்துப் பார்த்தால் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னுகிறது. ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்த ஒருவர், "கறுப்பு ஆள்தானே, கறுப்பாகத்தானே இருப்பார்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். நானும் கறுப்புதான். ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் நான் கரிக்கட்டையாகத் தெரிவதில்லையே.

இரண்டாவது சந்தேகம் அவருடைய டை. சட்டைக்கு மேல் கட்டின டை மாதிரியே இல்லை, யாரோ வரைந்து ஒட்டினது மாதிரி இருக்கிறது. அதை அப்படியே வரைவதா, ஒழுங்கான டையாகத் திருத்துவதா?

மூன்றாவது, பட்டி போல்டன் முடித்துவிட்டேன். நியூ ஆர்லியன்ஸில் ஜாஸை ஆரம்பித்து வைத்தவர் என்று சொல்வார்களே, அவர். அவருக்கும் ஒரே போட்டோதான், 1905 வாக்கில் எடுத்த குழுப் படம். என் படத்தைப் பார்த்த ஒருவர் "இதில் ஏதோ கை இடிக்கிறது" என்றார். என்னவென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக, இவற்றைச் சின்ன அட்டைகளாக அச்சடித்து நாலு பேருக்கு விற்க ஆசை. போட்டோ எடுத்தவர் வீட்டிலிருந்து யாராவது சண்டைக்கு வருவார்களா?


கரிவிரல் எழுதியது:

சார், முதலில் அந்த 8பி பென்சிலைக் கீழே வையுங்கள். கிராஃபைட்டை எவ்வளவு அழுத்தினாலும் கறுப்பு வராது, பளபளப்புதான் வரும். அது அந்தப் பொருளின் குணம், உங்கள் கையின் குற்றம் இல்லை. கரிக்கோலுக்கு மாறுங்கள். கண்ணாடிக் கம்பி, மீசை மாதிரி நுணுக்கமான இடத்துக்கு கார்பன் பென்சில் போதும். விரலால் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை தாளில் இறங்கினால் அப்புறம் ரப்பரும் கேட்காது.

நீங்கள் முகத்தைக் கறுப்பில் ஆரம்பித்து, வெளிச்சத்துக்கு இடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். திருப்பிச் செய்யுங்கள். முகம் முழுவதையும் நடுச்சாம்பலாகப் பூசிவிடுங்கள். பிறகு பிசைந்து உருட்டுகிற ரப்பரை நுனியாக்கி, வெளிச்சத்தை ஒற்றி ஒற்றி எடுங்கள். வெளிர்ந்த தோலில் முகத்தின் மேடுபள்ளத்தை நிழல் சொல்லும். கருந்தோலில் அதைச் சொல்வது மினுக்கம். நெற்றி மேடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பின் மேல் ஓரம், கீழுதட்டின் நடு, முகவாய். இந்த இடங்களில் மினுக்கம் எங்கே வெட்டினாற்போல் நிற்கிறது, எங்கே கரைந்து போகிறது என்பதைப் பிடித்துவிட்டால் ஆள் வந்துவிடுவார். நிழல் பக்கத்துத் தாடையைக் கவனியுங்கள், வெள்ளைச் சட்டையிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் எகிறி அங்கே படும். அதை நீங்கள் அடைத்துவிடுவதால்தான் பந்து.

முழுக் கறுப்பு கடைசியில். மூக்குத் துவாரம், உதடு சேரும் கோடு, காலருக்கு உள்ளே. அவ்வளவுதான். ஏ4 அளவு முகத்தில் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வராது.

ஃபிலிமையும் ரொம்ப நம்பாதீர்கள். அந்தக் கால ஸ்டூடியோக்களில் ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம்தான் பரவலாக இருந்தது. அதற்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. எல்லா நிறமும் பார்க்கிற பான்குரோமேட்டிக் பரவியது 1920களின் கடைசியில்தான். பழுப்புத் தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் பெரும்பங்கு சிவப்புப் பக்கம். அது ஃபிலிமில் பதியாவிட்டால் முகம் நிஜத்தைவிட இருட்டாக வரும், உதடு இன்னும் இருட்டாக வரும். அதற்குப் பிறகு அந்தப் பிரதியைப் பிரதி எடுத்து, பத்திரிகையில் புள்ளி அச்சில் அடித்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து உங்களிடம் வந்திருக்கிறது. நீங்கள் வரைந்துகொண்டிருப்பது லெமனை இல்லை, நாலு தடவை கருகின லெமனை.


ஈயக்குறி எழுதியது:

கரிவிரல், உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டிஜிட்டல் மெஷின் வருகிறவரை பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் இருட்டறையில் ஃபிலிம் கழுவினவன். அங்கே எரிவது சிவப்பு விளக்கு. அது எரிந்தாலும் ஃபிலிம் கெடாது. ஏன் கெடாது என்று படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், சிவப்பு அந்த ஃபிலிமுக்குத் தெரியாது என்று. ஆனால் அதையும் லெமன் முகத்தையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

அதைவிட ஒன்று. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் என் கை எனக்கே வேறு யாருடைய கையோ மாதிரி தெரியும். வெளுத்துப்போய், ரேகைகூட மங்கி. டெவலப்பர் தொட்டியில் ஃபிலிமை ஆட்டிக்கொண்டே எத்தனை நாள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் தோலில் அவ்வளவு சிவப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம். நான் பார்த்தது சிவப்பு மட்டும். லெமனை எடுத்த ஃபிலிம் பார்த்தது சிவப்பைத் தவிர மற்றதை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அவர் உட்கார்ந்திருக்கிறார்.

நாளைக்கே கரிக்கோல் வாங்குகிறேன்.


தேய்ந்தஊசி எழுதியது:

நான் வரைகிறவன் இல்லை, தட்டு சேர்க்கிறவன். போட்டோக்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டை விஷயத்தில் உங்கள் கண் சரி. பிறகு தூரிகையால் போட்ட டை என்றுதான் நான் பேசிய சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்வார்கள். பாரமவுண்ட் யாருடைய கம்பெனி என்று தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். விஸ்கான்சின் சேர் கம்பெனி, அதாவது நாற்காலி செய்கிறவர்கள். கிராமஃபோன் பெட்டி செய்து விற்கப்போய், பெட்டியில் போட தட்டு வேண்டுமே என்று தட்டுத் தொழிலுக்கு வந்தார்கள். தட்டின் தரமும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும், நீங்கள் சொன்ன அப்பளச் சத்தத்தில் பாதிக்கு அவர்கள்தான் காரணம். ஆனால் விற்கத் தெரிந்தவர்கள். 1928இல் லெமனுக்குப் பிறந்தநாள் தட்டு என்று ஒன்று போட்டார்கள். லேபிள் எலுமிச்சை மஞ்சள், அதில் அவருடைய படம். பெயர் லெமன் இல்லையா, அதனால்.

என்னைக் கேட்டால் டையைத் திருத்தாதீர்கள். அது ஒட்டினது என்று தெரியும்படியே வரையுங்கள். அவர் அன்றைக்கு டை கட்டிக்கொண்டு வரவில்லை என்பதும், யாரோ ஒருவருக்கு அது பொறுக்கவில்லை என்பதும் அந்த ஒரு துண்டில்தான் இருக்கிறது.

வரைகிறவர்கள் கைவைத்த கதை நிறைய உண்டு. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1938இல் 27 வயதில் இறந்தார், பதிவு செய்த பாட்டு 29. அவருடைய இரண்டு படங்களை உலகம் பார்த்ததே 1980களில்தான். ஒன்று மெம்ஃபிஸில் ஹுக்ஸ் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் கோடு போட்ட சூட்டும் தொப்பியுமாக எடுத்தது. இன்னொன்று காசு போட்டால் படமெடுக்கும் பெட்டிக்குள் தானே எடுத்துக்கொண்டது, வாயில் சிகரெட். 1994இல் அமெரிக்கத் தபால்துறை 29 சென்ட் தபால்தலை போட்டபோது அந்த இரண்டாவது படத்தைப் பார்த்து வரைந்தார்கள், சிகரெட்டை மட்டும் காணோம். உதடு அதே மாதிரி, ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கிற மாதிரியே இருக்கிறது. பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. மூன்றாவது படம் 2020இல் வந்தது, அதில் சிரிக்கிறார்.

இன்னொரு ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் கதை இன்னும் மோசம். ரொம்ப காலம் அவர் தலை மட்டும் வெட்டியெடுத்த ஒரு துண்டுப் படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வரைந்தவர்கள் எல்லோரும் கழுத்துக்குக் கீழே தங்கள் இஷ்டத்துக்கு உடம்பு வைத்தார்கள். 2000க்குப் பிறகு முழுப் படம் கிடைத்தது. வில் டை கட்டி, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று இருக்கும். இதே பேட்டனை 1929இல் பாரமவுண்ட் முகமூடி வீரன் என்று பெயர் மாற்றி விற்றது. விளம்பரத்தில் முகமூடி போட்ட ஒருவரின் படம், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தால் ஒரு தட்டு இலவசம். அந்தப் படத்துக்கும் பேட்டனுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

போல்டனுக்கு வருகிறேன். உங்கள் படத்தில் எந்தக் கை இடிக்கிறது என்று நான் சொல்கிறேன். கிட்டார்காரர் இடக்கைக்காரராக இருக்கிறாரா? பின்னால் டபுள்பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வைத்திருப்பவரும்? அந்த போட்டோ இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. ஒரு பக்கமாகப் போட்டால் கிட்டாரும் பேஸும் இடக்கை ஆகிவிடும். புரட்டிப் போட்டால் ஊதுகிறவர்கள் பக்கம் கணக்கு உதைக்கும். மூலப்படம் காணாமல் போய்விட்டது, இருப்பதெல்லாம் பிரதி. எது சரி என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். போல்டன் 1907இல் மனநல விடுதிக்குள் போனவர், 1931இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் வாசித்த ஒரு தட்டுகூட நம்மிடம் இல்லை. இருப்பது இந்த ஒரு படம், அதற்கும் வலது எது இடது எது என்று தெரியாது.

அச்சடிக்கும் விஷயம். வில்லியம் காட்லீப் என்பவரின் படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். 1930களின் கடைசியில் வாஷிங்டன் போஸ்டில் ஜாஸ் பற்றி எழுதியவர். போட்டோகிராபருக்குப் பத்திரிகை காசு தராததால் தானே ஒரு ஸ்பீட் கிராஃபிக் கேமரா வாங்கிக் கற்றுக்கொண்டார். ஃப்ளாஷ் பல்பு விலை என்பதால் ஓரிரு தடவைதான் அமுக்குவார். பியானோக்காரர் மாங்க், பாடகிகள் எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், பில்லி ஹாலிடே, கிட்டார்காரர் ஜாங்கோ எல்லோரும் இருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தத் தொகுப்பை 1995இல் வாங்கியது, அவர் விருப்பப்படி 2010 பிப்ரவரியிலிருந்து பொதுச்சொத்து. இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கும். ஹெர்மன் லியோனார்ட் எடுத்த படங்கள், ராயல் ரூஸ்ட் கிளப்பில் சாக்ஸபோன்காரர் டெக்ஸ்டர் கார்டன் சிகரெட் புகைக்குள் உட்கார்ந்திருக்கும் 1948ஆம் வருஷப் படம் இருக்கிறதே, அதெல்லாம் உரிமை உள்ளவை. வீட்டில் பழகிக்கொள்ளலாம், விற்க வேண்டாம். ராபர்ட் ஜான்சன் பக்கமும் போகாதீர்கள். அந்த இரண்டு படத்துக்காகக் குடும்பத்தார் மிசிசிப்பி கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டார்கள்.


மின்னல்வெட்டு எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? போட்டோவை ஒரு ஆப்பில் போட்டால் தெளிவாக்கி, கலரும் அடித்துத் தந்துவிடும். அதைப் பார்த்து வரையலாமே.


கரிவிரல் எழுதியது:

தரும். தெரியாத இடத்தில் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு முகத்தின் கன்னத்தை வைத்துத் தரும். பாரமவுண்ட்காரன் டை வைத்த மாதிரி. அது டை என்று பார்த்தவுடன் தெரிகிறது, இது தெரியாது.


ஈயக்குறி எழுதியது:

தேய்ந்தஊசி அண்ணா, நேரில் பார்த்தால் காலில் விழுந்துவிடுவேன்.

ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. என் பெயரைப் பாருங்கள், ஈயக்குறி. படமெடுக்கும்போது ஃபிலிம் இருக்கும் கேசட்டின் மூலையில் ஈயத்தில் செய்த எல் அல்லது ஆர் எழுத்தை வைப்போம், இடது வலது தெரிய. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நெஞ்சுப் படம் எடுக்கும்போது அதை வைக்க மறந்துவிட்டேன். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் யாரோ புரட்டி மாட்டிவிட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "இவருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிறதே" என்று பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டார். நோயாளிக்கு அதற்குள் வியர்த்துவிட்டது. பிறகு அவரைத் திரும்ப நிற்கவைத்து எடுத்தேன், இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்டவன் ஆறு பேர் இருக்கிற படத்தை மூன்று வாரம் உட்கார்ந்து கட்டம் போட்டு வரைந்திருக்கிறேன். கிட்டார்காரர் கை எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கட்டம் போட்டால் அந்த ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இருப்பதைத்தான் கண் பார்க்கும், ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்காது.

என் படத்தில் கிட்டாரும் பேஸும் இடக்கைதான். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.


கட்டைவிரல் எழுதியது:

கிட்டார் வாசிக்கிறவன் என்ற முறையில் ரெண்டு வார்த்தை.

போட்டோ புரண்டிருக்கிறதா என்று பார்க்க வாத்தியம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. கோட்டின் மேல்பாக்கெட் போட்டிருப்பவருக்கு இடப்பக்கம்தான் வரும். ஆண் சட்டையில் பட்டன் தைத்திருப்பது அவருக்கு வலப்பக்கம். ட்ரம்பெட், கார்னெட் என்றால் வால்வை அமுக்குவது வலக்கை. கிளாரினெட்டில் இடக்கை மேலே.

ஆனால் இடக்கையைப் பார்த்தவுடன் புரட்டியும் விடாதீர்கள். எலிசபெத் காட்டன் என்று ஒரு பாட்டி, வட கரோலினாக்காரர். நிஜமாகவே இடக்கை. கிட்டாரில் தந்தியை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். அதனால் விரல்கள் கனத்த பேஸ் தந்தியை மீட்டும், மெட்டை வாசிப்பது கட்டைவிரல். நாம் எல்லோரும் செய்வதற்கு நேர் எதிர். அவர் படத்தைத் திருத்துகிறேன் என்று புரட்டினால் அந்தக் கட்டைவிரலுக்கு அர்த்தமே போய்விடும்.

கையைப் பற்றி இன்னும் ஒன்று. முகம் வரைகிறவர்கள் கையைக் கடைசி அரைமணி நேரத்தில் வாழைப்பழச் சீப்பு மாதிரி போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த ஆட்களுக்குக் கைதான் முகம். ராபர்ட் ஜான்சன் விரல்களை அளந்து பாருங்கள், சிலந்திக் கால் மாதிரி கிட்டார் கழுத்தில் படர்ந்திருக்கும். தெலோனியஸ் மாங்க் பியானோவில் விரலை வளைக்காமல் தட்டையாக நீட்டி அடிப்பார், பெரிய மோதிரத்தோடு. அவரை வளைந்த விரலோடு வரைந்தால் தொப்பியும் தாடியும் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது வேறு யாரோ.


மைதீட்டி எழுதியது:

எல்லாம் சரி சார், 11 முகத்தில் ஒரு பெண்கூட இல்லையா? 1920களில் ப்ளூஸ் என்றால் கடையில் விற்றது முதலில் பெண்கள் குரல்தான். லெமனுக்கு முன்னாலேயே, 1923இலிருந்து பாரமவுண்டுக்குப் பாடியவர் மா ரெய்னி.


ஈயக்குறி எழுதியது:

இரண்டு பேரை முயற்சி செய்திருக்கிறேன் தோழி, பீரோ மேலே இருக்கிறார்கள். மா ரெய்னிக்குத் தங்கப்பல், கழுத்தில் தங்கக்காசு மாலை. கறுப்பு வெள்ளையில் தங்கத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பாதியில் விட்டேன். இன்னொருவர் பில்லி ஹாலிடே, காட்லீப் 1947இல் எடுத்த படம், கண்ணை மூடுகிற மாதிரி தலையைச் சாய்த்துப் பாடுகிறார். வாய் திறந்திருக்கிறது. அந்த வாயை நான் வரைந்தால் பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வருகிறது.


மைதீட்டி எழுதியது:

பல்லை எண்ணி எண்ணி நடுவில் கோடு போட்டிருப்பீர்கள். அதுதான் பல் டாக்டர். பற்கள் மொத்தத்தையும் ஒரே வெளிர் பட்டையாக விடுங்கள், கடைவாய்ப் பக்கம் போகப் போக மங்கட்டும். மேலுதட்டின் நிழல் பல்மேல் விழும், அதனால் பல் ஒருபோதும் தாள் வெள்ளையாக இருக்காது. பாடுகிற வாயில் அழுத்தம் உதட்டில் இருக்காது. தாடைக்கும் காதுக்கும் நடுவில், கழுத்து நரம்பில் இருக்கும். அங்கே நேரம் செலவு பண்ணுங்கள்.

தங்கம் சுலபம். உலோகத்தில் நடுச்சாம்பல் குறைவு. ரொம்ப வெளிச்சமும் ரொம்ப இருட்டும் பக்கத்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துப் பல்லை மெத்தென்று கரைத்துவிட்டு, தங்கப்பல்லில் மட்டும் ஒரு வெட்டுக்கோடு வையுங்கள். பார்க்கிறவர்களே தங்கம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்ல் வான் வெக்டன் 1936இல் எடுத்த படங்களும் அதே அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அடுத்த வருஷம் பெஸ்ஸி மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கம் கார் விபத்தில் போய்விட்டார். ஃபிலிமுக்குச் சிவப்பு தெரிந்த காலத்தில் எடுத்த படம், உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.


ஈயக்குறி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

லெமன் ஐந்தாவது தடவை முடிந்தது. டோன் போட்ட தாள், அதாவது முன்பே நிறம் ஏற்றின தாள், இங்கே கடையில் இல்லை, வரவழைத்தால் விலை. நம் கையில் இருப்பதுதான் என்று பழைய எக்ஸ்ரே கவர் ஒன்றைப் பிரித்து உள்பக்கம் வரைந்தேன். காக்கி நிறம், நடுச்சாம்பல் பூசும் வேலையே மிச்சம். தாளின் நிறமே அவர் கன்னத்தின் நிறமாகிவிட்டது. மினுக்கத்துக்கு வெள்ளைப் பென்சில், இருட்டுக்குக் கரிக்கோல், நடுவில் கவர். மூன்று மணி நேரம்தான் ஆனது. முன்பெல்லாம் மூன்று நாள் ஆகும்.

கண்ணாடி வட்டத்துக்குள் இமை மூடியிருக்கிறதா, கொஞ்சம் திறந்திருக்கிறதா என்று போட்டோவில் சரியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிட்டேன், அங்கே வெறும் காக்கிதான். டை மட்டும் கார்பன் பென்சிலில் வெறும் கோடாக, நிழல் எதுவும் போடாமல். வார்டில் வேலை பார்க்கிற அக்கா பார்த்துவிட்டு, "டையை முடிக்கலையா?" என்றார். அதைக் கட்டினவர்களே முடிக்கவில்லை என்றேன்.


கரிவிரல் எழுதியது:

கவர் தாள் அமிலம் உள்ளது சார். ரெண்டு வருஷத்தில் கறுக்கும், மடிப்பில் உதிரும். இதை நல்ல ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, அமிலமில்லாத தாளில் இன்னொன்று போடுங்கள். கரி உதிராமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். ஒரே தடவையில் நனைத்தால் வெள்ளைப் பென்சில் காணாமல் போய்விடும்.


ஈயக்குறி எழுதியது:

ஒரே தடவையில் நனைத்துவிட்டேன். நெற்றி மினுக்கம் பாதி போய்விட்டது, நேற்று மறுபடி ஏற்றினேன்.

போல்டன் படத்தை என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். திருத்தவில்லை, புரட்டவும் இல்லை. தாளின் கீழ் மூலைகளில் எல், ஆர் இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். வேலையில் இப்படிச் செய்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

அடுத்தது எலிசபெத் காட்டன். தாளின் பின்பக்கம் முதலில் எல் என்று எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கட்டைவிரலில் ஆரம்பிக்கிறேன், முகம் அப்புறம்.